பிராம்ப்ட்ல கலர் வரலையா? டெர்மினலை மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

போன ஞாயித்துக்கிழமை கடலூர்லேர்ந்து பாண்டிக்கு பஸ்ல வந்துட்டு இருந்தேன், ஆல்பேட்டை தாண்டறதுக்குள்ள சித்தி பையன் மூணு தடவ கால் பண்ணிட்டான். செகண்ட் ஹேண்ட்ல ஒரு லேப்டாப் வாங்கியிருக்கான், உபுண்டுங்கற லினக்ஸ் ஏற்கனவே போட்டிருந்துச்சு, இவன் தனக்குன்னு ஒரு புது அக்கவுண்ட் போட்டு உள்ள போயிருக்கான். "அக்கா, எல்லாருக்கும் டெர்மினல்ல பேரு பச்சையா, ஃபோல்டர் நீலமா வருது, எனக்கு மட்டும் ஒரே வெள்ளையா இருக்கு"ன்னான். என்னடா பண்ணி பாத்தேன்னு கேட்டா, மூணு டெர்மினல் ஆப் மாத்தி மாத்தி போட்டு பாத்துட்டானாம், தீம் மாத்திட்டானாம், ஃபாண்ட் கூட மாத்திட்டானாம், ராத்திரி உபுண்டுவையே அழிச்சிட்டு திரும்ப போடலாம்னு பென் டிரைவ் வேற ரெடி பண்ணி வச்சிருக்கான்.

வேணாம், நிறுத்துன்னு சொன்னேன். இந்த பிரச்சனைல முக்கால்வாசி பேரு பண்ற தப்பே இதுதான், கலர் திரைல தெரியற விஷயம்ங்கறதால திரையைக் காட்டற ஆப் மேல சந்தேகப்படறோம். ஆனா பிராம்ப்டுக்கு, அதாவது நாம கமாண்டு அடிக்கற இடத்துக்கு முன்னாடி பேரு, $ன்னு நிக்கற அந்த எழுத்துக்கு, என்ன கலர்னு முடிவு பண்றது டெர்மினல் இல்லவே இல்ல. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மீதி தானா வந்துடும், அதனால அன்னிக்கு அவனுக்கு போன்ல சொன்னதை அப்டியே இங்க எழுதறேன். கமாண்டெல்லாம் போன்ல சொல்ற மாதிரியே உச்சரிப்புல இருக்கும், நீங்க டைப் பண்றப்ப ஆங்கில எழுத்துல அடிச்சுக்கங்க.

உங்க முன்னாடி கறுப்பு விண்டோ ஒண்ணு தொறக்குது இல்லையா, அதுக்குள்ள ரெண்டு ஆளு இருக்காங்க. ஒருத்தர் டெர்மினல் எமுலேட்டர், ஜினோம் டெர்மினல், கான்சோல், எக்ஸ்டெர்ம், அலாக்ரிட்டி இதெல்லாம் அந்த ஜாதி. இன்னொருத்தர் ஷெல், பெரும்பாலும் பாஷ். நீங்க என்டர் தட்டினதும் வேலையை நடத்தறது ஷெல், அது அனுப்பற எழுத்தை திரைல வரையறது டெர்மினல். வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கற மாதிரி நெனச்சுக்கங்க, ஷெல்லு வீட்டுக்காரர், டெர்மினல் பெயிண்டர். எந்த செவுத்துக்கு எந்த கலர்னு வீட்டுக்காரர்தான் சொல்லணும். அவர் வாயே தொறக்கலைன்னா பெயிண்டரை எத்தனை தடவ மாத்தினாலும் செவுரு வெள்ளையாத்தான் இருக்கும். என் தம்பி மூணு பெயிண்டரை மாத்தியிருக்கான்.

சரி, வீட்டுக்காரர் எப்படி சொல்றாரு? எழுத்தோட எழுத்தாவேதான். பச்சைல பேரை காட்டணும்னா ஷெல் முதல்ல எஸ்கேப்ங்கற கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தை அனுப்பும், அதோட நம்பர் 27, எட்டடிமானத்துல எழுதினா 033. அதுக்கு பின்னாடி [ அப்புறம் 32, அப்புறம் சின்ன எம். டெர்மினல் இதைப் பாத்ததும் திரைல எழுதாது, ஓ இனிமே பச்சைன்னு புரிஞ்சுக்கும். அதுக்கப்புறம் வர்ற எழுத்தெல்லாம் பச்சை, திரும்ப எஸ்கேப், [, 0, எம் வர்ற வரைக்கும். 30 கறுப்பு, 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 34 நீலம், 35 மெஜெண்டா, 36 சயான், 37 வெள்ளை, இதே வரிசைல 40லேர்ந்து 47 வரைக்கும் பின்னணி கலர். முன்னாடி 1 சேத்தா போல்டு. உபுண்டுல பேரு பச்சையா வர்றதுக்கு காரணம் 01;32, ஃபோல்டர் நீலமா வர்றதுக்கு காரணம் 01;34, அவ்ளோதான் ரகசியம்.

இந்த எஸ்கேப் சங்கதி நேத்து வந்தது இல்ல. 1978ல டெக் கம்பெனி விடி100னு ஒரு டெர்மினல் விட்டாங்க, அப்பல்லாம் டெர்மினல்னா ஒரு பெட்டி, கீபோர்டோட, கம்ப்யூட்டர் வேற ரூம்ல இருக்கும், நடுவுல ஒயர். அந்த பெட்டி இந்த [ போட்ட கோடு முறையை பின்பற்றினது, கலர் கிடையாது அதுல, ஒத்தை நிறம்தான், ஆனா போல்டு, அண்டர்லைன், கர்சரை நகத்தறது எல்லாம் இதே பாணி. இன்னிக்கு நம்ம லேப்டாப்புல ஓடறது அந்த மாதிரி பெட்டியா நடிக்கற சாஃப்ட்வேர், அதனாலதான் எமுலேட்டர்னு பேரு.

இப்ப சோதனைக்கு வருவோம். பெயிண்டருக்கு கலர் அடிக்கத் தெரியுமான்னு முதல்ல பாத்துடணும், ஷெல்லோட முடிவை நம்பாம நாமளே கோடை அனுப்பி. பிரிண்ட்எஃப், ஒரு ஸ்பேஸ், ஒத்தை மேற்கோள், பேக்ஸ்லாஷ் 033, [, 31, சின்ன எம், ஏதாவது ஒரு வார்த்தை, பேக்ஸ்லாஷ் 033, [, 0, எம், பேக்ஸ்லாஷ் என், மேற்கோளை மூடி என்டர். அந்த வார்த்தையை ஆங்கில எழுத்துலயே அடிங்க, நிறைய டெர்மினல்ல தமிழ் எழுத்து கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு தெரியும், எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம், அதைப் பத்தி தனியா எழுதணும். வார்த்தை சிவப்பா வந்துச்சுன்னா டெர்மினல் மேல குத்தம் இல்ல, அதை விட்டுடுங்க. தம்பிக்கு சிவப்பா வந்துச்சு. மூணு ஆப்லயும் வந்துச்சு.

"அப்ப தீம் பிரச்சனை இல்லியாக்கா?" இல்லடா.

அடுத்து நான் கேட்ட கேள்வி, பிராம்ப்டுல இப்ப என்ன நிக்குது, ஒரு எழுத்து விடாம படின்னு. இதை யாருமே செய்ய மாட்டேங்கறாங்க, கலர் இல்லன்னு மட்டும் சொல்லுவாங்க, ஆனா கலர் இல்லாத பிராம்ப்டு பல தினுசு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடத்தைக் காட்டும்.

பேரு, @, மெஷின் பேரு, எல்லாம் இருக்கு, கலர் மட்டும் இல்லன்னா அது ஒரு தினுசு. அப்ப எல்எஸ் அடிச்சு பாருங்க, ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு பட்டியல் போடற கமாண்டு அது. உபுண்டுலயும், டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸ்லயும் எல்எஸ்ஸோட கலரும் பிராம்ப்டோட கலரும் ஒரே ஃபைல்லேர்ந்துதான் வருது, உங்க வீட்டு ஃபோல்டர்ல இருக்கற .பாஷ்ஆர்சி, முன்னாடி புள்ளி இருக்கறதால சாதாரணமா கண்ணுல படாது. எல்எஸ்ல ஃபோல்டரெல்லாம் நீலமா வந்து பிராம்ப்டு மட்டும் வெறுமையா இருந்தா அந்த ஃபைலை பாஷ் படிச்சிருக்கு, படிச்சிட்டு கலர் வேணாம்னு முடிவு பண்ணியிருக்கு. ரெண்டுமே வெள்ளைன்னா பெரும்பாலும் ஃபைலையே படிக்கல.

முடிவு பண்ணிச்சுன்னா எதை வச்சு? இங்கதான் டெர்ம் வருது. எக்கோ, ஸ்பேஸ், $, டெர்ம், டெர்மோட நாலு எழுத்தும் கேப்பிட்டல்ல அடிங்க. இது பெயிண்டர் கைல குடுத்தனுப்பற சீட்டு, நான் இன்ன மாடல், எனக்கு இதெல்லாம் தெரியும்னு. அந்த பெட்டி காலத்துல ஆளுக்கு ஒரு மாடல், ஆளுக்கு ஒரு கோடு, அதனால வந்த ஏற்பாடு. இன்னிக்கும் டெர்ம்இன்ஃபோன்னு ஒரு பெரிய டேட்டாபேஸ் சிஸ்டம்ல இருக்கு, சீட்டுல இருக்கற பேரை வச்சு அதுல தேடிப் பாத்து இந்த ஆளுக்கு எத்தனை கலர் வரும்னு ப்ரோக்ராமெல்லாம் தெரிஞ்சுக்கும். நீங்களும் கேக்கலாம், டிபுட் கலர்ஸ்னு அடிச்சா 8, 256 மாதிரி ஒரு நம்பர் வரும்.

ஆனா உபுண்டு .பாஷ்ஆர்சி அந்த டேட்டாபேஸை உடனே போய் பாக்காது. சீட்டுல பேரு எக்ஸ்டெர்ம்-கலர்னு இருக்கா, இல்ல -256கலர்னு முடியுதா, இது ரெண்டுல ஒண்ணு இருந்தாதான் கலர் பிராம்ப்டு. வெறும் எக்ஸ்டெர்ம்னு இருந்தா கெடையாது. அந்த டெர்மினலுக்கு கலரெல்லாம் நல்லாவே அடிக்கத் தெரியும், சீட்டுல எழுதலைங்கற ஒரே காரணத்துக்காக வெளிய நிக்க வச்சிடும். விண்டோஸ்லேர்ந்து புட்டிங்கற ஆப் வழியா சர்வருக்குள்ள போறவங்களுக்கு பிராம்ப்டு வெள்ளையா வர்றது பெரும்பாலும் இதனாலதான், புட்டி டீஃபால்ட்டா சொல்ற பேரு எக்ஸ்டெர்ம். கனெக்ஷன்ங்கறதுக்கு கீழ டேட்டான்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க டெர்மினல் டைப்பை எக்ஸ்டெர்ம்-256கலர்னு மாத்தினா தீந்துச்சு. டிமக்ஸ்னு ஒரே விண்டோக்குள்ள பல ஷெல்லை ஓட்டற ப்ரோக்ராம் ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள போனா கலர் போறதும் இதே கதை, அங்க பல நேரம் பேரு ஸ்கிரீன்னு ஆயிடும், டிமக்ஸ் செட்டிங்ல டீஃபால்ட்-டெர்மினலை டிமக்ஸ்-256கலர்னு வைக்கணும். இதுக்கு தலைகீழா இன்னொண்ணு, புது டெர்மினல் சிலது தன் சொந்த பேரையே சீட்டுல எழுதி வச்சிருக்கும், நம்ம லேப்டாப்ல பிரச்சனை இருக்காது, எஸ்எஸ்எச்ல, அதாவது நெட்வொர்க் வழியா, பழைய சர்வருக்குள்ள போனதும் அந்த சர்வர் இந்த பேரை கேள்விப்பட்டதே இல்லன்னு முழிக்கும்.

இந்த சோதனையை தாண்டிப் போக அந்த ஃபைல்லயே ஒரு வழி வச்சிருக்காங்க. ஃபோர்ஸ் கலர் பிராம்ப்ட், நடுவுல அண்டர்ஸ்கோர் போட்டு, =யெஸ்னு (ஆமாங்கற ஆங்கில வார்த்தை) ஸ்பேஸ் இல்லாம ஒரு வரி, முன்னாடி # இருக்கும். அந்த # ஒண்ணை மட்டும் எடுத்துட்டு சேவ் பண்ணி புது விண்டோ தொறந்தா, டிபுட்டை வச்சு உண்மையிலேயே கலர் வருமான்னு கேட்டுட்டு வரும்னா போட்டுடும். கை வைக்கறதுக்கு முன்னாடி ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கங்க. சில பேரு .பாஷ்ஆர்சிக்குள்ளயே டெர்மை எக்ஸ்டெர்ம்-256கலர்னு எக்ஸ்போர்ட் பண்ணுன்னு சொல்லுவாங்க, எனக்கு அது பிடிக்காது, அது பெயிண்டரோட சீட்டை வீட்டுக்காரர் திருத்தி எழுதற மாதிரி, டிமக்ஸ்க்குள்ள போனா அங்கயும் பொய் சொல்லும், ஏதோ ஒரு நாள் திரை குழம்பி நிக்கும்.

அந்த வரிக்கு மேல ஒரு குறிப்பு இருக்கும், கவனம் கமாண்டோட பதில் மேல இருக்கணும், பிராம்ப்டு மேல இல்ல, அதனால கலரை ஆஃப் பண்ணி வச்சிருக்கோம்ங்கற அர்த்தத்துல. எழுதினவங்க மேல மரியாதை உண்டு, ஆனா எனக்கு இதுல உடன்பாடு இல்ல. அஞ்சு வருஷம் முன்னாடி நான் வேலை பாத்த இடத்துல ரெண்டு விண்டோ பக்கத்துல பக்கத்துல தொறந்து வச்சிருந்தேன், ஒண்ணு என் மெஷின், ஒண்ணு பில்லிங் ஓடற சர்வர், ரெண்டு பிராம்ப்டும் வெள்ளை, என் மெஷினை ரீபூட் பண்றதா நெனச்சு சர்வர்ல அடிச்சிட்டேன். கால் மணி நேரம் கவுண்டர்ல ஜனங்க நின்னாங்க. அன்னிக்கு சாயங்காலமே எல்லா சர்வர்லயும் பிராம்ப்டை சிவப்பாக்கினேன். கடலூர் ரோட்டுல வர்றவங்களுக்கு தெரியும், முள்ளோடை தாண்டி பாண்டி எல்லைக்குள்ள வந்தா போர்டை படிக்கவே வேணாம், சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரை பாத்ததும் வேற ஊருக்குள்ள வந்துட்டோம்னு தெரிஞ்சிடும். பிராம்ப்டு கலர் செய்யற வேலை அதுதான், எங்க நிக்கறேன், யாரா நிக்கறேன்னு படிக்காமலே சொல்லும்.

பிராம்ப்டுல பாஷ்-5.1$ இல்ல பாஷ்-5.2$ன்னு வெர்ஷன் நம்பர் நின்னா அது இன்னொரு தினுசு, பிராம்ப்டை அமைக்கற எந்த ஃபைலையும் பாஷ் படிக்கலைன்னு அர்த்தம். பாஷ் எப்ப எந்த ஃபைலை படிக்கும்ங்கறதுல ஒரு குழப்பம் இருக்கு, நிறைய பேரை கவுக்கற குழப்பம். டெர்மினல் விண்டோ தொறந்தா பாஷ் நேரா .பாஷ்ஆர்சியை படிக்கும். எஸ்எஸ்எச்ல உள்ள போனா அது லாகின் ஷெல், அப்ப .பாஷ்_ப்ரொஃபைல் இருக்கான்னு பாக்கும், இல்லன்னா .பாஷ்_லாகின், அதுவும் இல்லன்னா .ப்ரொஃபைல், முதல்ல கெடச்சதை மட்டும் படிச்சிட்டு நிறுத்திடும். உபுண்டுல .ப்ரொஃபைல்தான் .பாஷ்ஆர்சியை கூப்பிடுது. இப்ப ஏதோ ஒரு சாஃப்ட்வேர் போடறப்ப, அதோட கமாண்டு எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு ஷெல்லுக்கு சொல்றதுக்காக .பாஷ்_ப்ரொஃபைல்னு ஒரு ஃபைலை புதுசா உண்டாக்கிட்டீங்கன்னு வைங்க, அன்னிலேர்ந்து .ப்ரொஃபைலை யாரும் சீண்ட மாட்டாங்க, .பாஷ்ஆர்சி அனாதை ஆயிடும், கலரும் போச்சு, நீங்க சேத்து வச்ச அலியாஸும், அதாவது கமாண்டுக்கு வச்ச சுருக்கப் பேரும், போச்சு. புது ஃபைலோட கடைசில .பாஷ்ஆர்சியை சோர்ஸ் பண்ற, அதாவது அதையும் படின்னு சொல்ற, ஒரு வரி சேத்தா சரியாயிடும். ஃபைலே அழிஞ்சு போயிருந்தா கவலை வேணாம், /ஈடிசி/ஸ்கெல் ஃபோல்டர்ல புதுசு ஒண்ணு இருக்கும், காப்பி பண்ணிக்கலாம்.

தம்பி படிச்சது இது எதுவும் இல்ல. "வெறும் டாலர்தான்கா இருக்கு, பேரு கூட இல்ல." அப்பவே எனக்கு பாதி புரிஞ்சிடுச்சு. மேல் அம்புக்குறி கீயை அழுத்துடா, என்ன வருதுன்னேன். "கமாண்டு வரலைக்கா, என்னமோ ^, ரெண்டு [, அப்புறம் பெரிய ஏ வருது, இது வேற பிரச்சனைன்னு நெனச்சு உன்கிட்ட சொல்லல." வேற பிரச்சனை இல்ல, அதே பிரச்சனையோட இன்னொரு முனை. மேல் அம்புக்குறி அழுத்தினா கீபோர்டு பக்கத்துலேர்ந்து போறதும் எஸ்கேப் கோடுதான், எஸ்கேப், [, பெரிய ஏ. எஸ்கேப் எழுத்தை திரைல காட்டணும்னா ^[ன்னு ரெண்டு எழுத்தா காட்டும், அதனாலதான் [ ரெண்டு தடவ தெரியுது. பாஷா இருந்தா அதை வாங்கி பழைய கமாண்டை காட்டியிருக்கும், அங்க உக்காந்திருக்கற ஆளுக்கு அந்த வித்தை தெரியல, வந்ததை அப்டியே கொட்டிடுச்சு.

எக்கோ, ஸ்பேஸ், $0 அடிக்கச் சொன்னேன். எஸ்எச்னு வந்துச்சு. வீட்டுக்காரரே வேற ஆளு. உபுண்டுல எஸ்எச்ங்கறது டேஷ்னு ஒரு சின்ன ஷெல், ஸ்கிரிப்ட் ஓட்ட வேகமா இருக்கட்டும்னு 2006லயே மாத்தினாங்க, அது நல்ல ஷெல்தான், ஆனா மனுஷன் உக்காந்து டைப் பண்றதுக்கு வச்சது இல்ல, .பாஷ்ஆர்சியை திரும்பியும் பாக்காது. அது எப்படி இவன் தலைல வந்துச்சுன்னா, அக்கவுண்ட் போடறப்ப யூசர்ஆட்னு ஒரு கமாண்டு அடிச்சிருக்கான், வீடியோ பாத்து. ஷெல் எதுன்னு அதுக்கு சொல்லலைன்னா எஸ்எச்சை குடுத்துடும். ஆட்யூசர்னு இன்னொண்ணு இருக்கு, அதுவே எல்லாத்தையும் கேட்டு பாஷை குடுக்கும், பேரு ரெண்டும் முன்ன பின்ன மாத்திப் போட்ட மாதிரி இருக்கறதால எத்தனையோ பேரு சறுக்கற இடம் இது.

மருந்து ஒரே வரி. சிஎச்எஸ்எச், ஸ்பேஸ், -எஸ், ஸ்பேஸ், /பின்/பாஷ். பாஸ்வேர்டு கேக்கும், குடுக்கணும். புது விண்டோ தொறந்தா மட்டும் பத்தாது, முழுசா லாக்அவுட் பண்ணிட்டு திரும்ப உள்ள வரணும்.

அவன் லாக்அவுட் பண்ணிட்டு வர்றதுக்குள்ள மிச்சத்தையும் சொல்லிடறேன். கலர் போட்டாச்சு ஆனா தெரியலைங்கற கேஸும் உண்டு, சோலரைஸ்டுன்னு ஒரு பிரபலமான பேலட், அதுல பளிச் பச்சை, பளிச் நீலம்னு இருக்க வேண்டிய டப்பால சாம்பல் நிறத்தை ஊத்தி வச்சிருக்காங்க, வேணும்னே, டிசைனுக்காக. டெர்மினல் செட்டிங்ல போல்டு எழுத்தை பளிச் கலர்ல காட்டுங்கற ஆப்ஷன் ஆன்ல இருந்தா 01;32ம் 01;34ம் ரெண்டுமே சாம்பலாத்தான் தெரியும். அந்த ஆப்ஷனை ஆஃப் பண்ணுங்க. இந்த ஒரு இடத்துலதான் பெயிண்டரோட டப்பாவை தொறந்து பாக்கற வேலை.

சொந்தமா பிராம்ப்டு எழுதறவங்களுக்கு ஒண்ணு. பிராம்ப்டு இருக்கற வேரியபிள் பேரு பிஎஸ்1. அதுல கலர் கோடு போடறப்ப ஒவ்வொரு கோடுக்கும் முன்னாடி \[ பின்னாடி \] போடணும். ஏன்னா பாஷ் பிராம்ப்டு எத்தனை எழுத்து அகலம்னு எண்ணி வச்சுக்கும், வரி எங்க மடங்கணும்னு தெரியறதுக்காக. பஸ்ல கைக்குழந்தை அம்மா மடில வருது, ஆளு உண்டு, சீட்டு கெடையாது இல்லையா, அந்த மாதிரி கலர் கோடு பிராம்ப்டுல உண்டு, திரைல இடம் கெடையாது. \[ \] போடலைன்னா பாஷ் அதுக்கும் சீட்டு ஒதுக்கிடும், நீளமா ஒரு கமாண்டு அடிச்சா அடுத்த வரிக்கு போகாம அதே வரி மேலயே திரும்ப எழுதும், எதை அழிச்சோம் எது மிச்சம்னே தெரியாது. கடைசில 0, எம் போட்டு கலரை மூட மறந்தாலும் நீங்க டைப் பண்றது எல்லாம் அதே கலர்ல ஓடும்.

பஸ் அரியாங்குப்பம் பாலத்துல நிக்கறப்ப ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு, பேரு பச்சை, ~ நீலம், மேல் அம்புக்குறியும் வேலை செய்யுதாம். உடனே அடுத்த கேள்வி, "ரூட்டா போனா மட்டும் சிவப்பா வர வைக்கலாமாக்கா?" வைக்கலாம், வைக்கணும். ரூட்ங்கறது எல்லா அதிகாரமும் இருக்கற அக்கவுண்ட், அதுக்கு தனி வீடு, /ரூட் ஃபோல்டர்ல தனி .பாஷ்ஆர்சி, உன்னோடதுல என்ன மாத்தினாலும் அங்க போகாது. சூடோ -ஐ போட்டு உள்ள போய் அந்த ஃபைலோட கடைசில உன் பிஎஸ்1 வரியை வச்சு 32ஐ 31 ஆக்கு, \[ \] மறக்காதன்னு சொல்லி வச்சேன். நான் முருங்கப்பாக்கத்துல இறங்கறதுக்குள்ள ரெண்டாவது ஸ்கிரீன்ஷாட் வந்துடுச்சு, ரூட் சிவப்பா இருந்துச்சு, ஒரு \] விட்டுட்டிருந்தான், அதை சாயங்காலம் வீடியோ கால்ல திருத்தினோம்.